எம்பயர் ஸ்ரேற் மாளிகையிற் குளிரூட்டல்: ஒரு வரலாற்று நோக்கு

கட்டிடங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அவற்றின் உயரத்தையும் முகப்பின் வனப்பையும் கட்டுவித்தாரது பெருமையையுமே பெரிதும் எழுதிச் செல்வர். அவற்றினுள்ளே நாள்தோறும் இருந்து கணக்கெழுதியோரும் கடிதங்களைத் தட்டச்சிட்டோரும் கோடைக்காலத்தை எவ்வாறு கழித்தனர் என்பது அவ்வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறும். நியூயோர்க் நகரத்து எம்பயர் ஸ்ரேற் மாளிகையும் இதற்கு விலக்கன்று. அதன் 102 மாடிகளைப் பற்றிக் கேள்வியுறாத மாணவர் இலர். ஆயின், அது திறக்கப்பட்ட நாளில் அதன் அலுவலகங்களில் வளிச்சீராக்கம் இருக்கவில்லை என்பதையும், ஏறக்குறைய எண்பது ஆண்டுகளின் பின் அதன் குளிரூட்டும் பொறிகளைப் புதுக்க முனைந்தோர் பொறிகளைப் பின்வைத்து யன்னல்களை முன்வைத்தனர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர்கள் அவ்வாறு செய்தது எதனால் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இம்மாளிகையின் கட்டிட வேலை 1930 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆந் திகதி தொடங்கியது. 1931 மே முதலாந் திகதி சனாதிபதி ஹூவர் வாஷிங்ரன் நகரில் இருந்தவாறே ஒரு பொத்தானை அழுத்தி அதனைத் திறந்துவைத்தார். இத்துணைப் பெரிய மாளிகை பதின்மூன்றரை மாதத்துள் எழுந்தமை இன்றும் வியப்புக்குரியதே. அது பொருளாதார மந்தம் நிலவிய காலம். வாடகைக்கு வருவோர் அருகியிருந்தனர். ‘எம்பயர்’ என்னும் சொல்லைச் சிறிது திரித்து ‘எம்ரி’, அஃதாவது வெறுமையான, ஸ்ரேற் மாளிகை என நகரமாந்தர் நகையாடினர்.

மாளிகையைத் திட்டமிட்டவர் வில்லியம் லாம் என்னும் கட்டிடக் கலைஞர். உயர்த்திகள், படிக்கட்டுகள், குழாய்கள், கழிப்பறைகள் ஆகிய அனைத்தையும் அவர் நடுவிலே நெருக்கமாக அமைத்தார். அவற்றைச் சூழ, யன்னலிலிருந்து உள்நோக்கி 28 அடி ஆழத்துக்கு அலுவலக இடம் விடப்பட்டது. அவ்வாழத்துக்கு அப்பாலுள்ள இடத்தில் பகலொளியும் காற்றும் குன்றும். ஒளியுங் காற்றும் குன்றிய இடத்துக்கு நல்ல வாடகை கிடையாது. அக்காலத்து மின்குமிழோ தான் பெற்ற மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியையே ஒளியாகத் தந்து எஞ்சியதை வெப்பமாகத் தருவது. ஆதலின், பகலில் விளக்கேற்றி வேலை செய்வது அறையைத் தானே சூடாக்குவதாகும். நம் முன்னோர் நாற்சார் வீட்டின் நடுவே முற்றம் வைத்து ஒளியுங் காற்றும் பெற்றனர். லாம் நடுவை அடைத்து ஓரங்களைத் திறந்தார். முறைகள் மாறுபடினும் இரண்டும் ஒரே தேவையிற் பிறந்தவை.

நியூயோர்க்கின் யூலை மாதம் நம்மவர் எண்ணுவது போல இதமானதன்று. வெப்பநிலை 90 பாகை பரனைற்றைத் தாண்டும் நாட்கள் பல உள. கடலடுத்த நகரமாதலின் ஈரப்பதனும் உடன் கூடும். எழுதுவினைஞர் யன்னலின் கீழ்க்கதவை மேலே தள்ளி, மின்விசிறியைச் சுழலவிட்டு, மேசைத் தாள்கள் பறவாதபடி பாரம் வைத்து வேலை செய்யவேண்டியதே. அன்று அந்நகரத்துப் பெரும்பாலான அலுவலகங்களின் நிலை இதுவே.

அப்படியாயின் குளிரூட்டும் பொறி அக்காலத்தில் இருக்கவில்லையா என்று வினவலாம். இருந்தது; நியூயோர்க் நகரிலேயே அது வளர்ந்தது. 1902 ஆம் ஆண்டில் புறூக்லின் பகுதியிலுள்ள ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் ஒரு பொறித்தொகுதியை வரைந்தார். கோடையின் ஈரத்தாற் காகிதம் விரிந்து சுருங்க, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியவேண்டிய வண்ணங்கள் விலகிப் பதிந்தன. அவ்வீரத்தை அடக்குவதே கரியருக்கு இடப்பட்ட பணி. வளிச்சீராக்கத்தின் முதற் பயனைத் துய்த்தது மனிதனன்று, காகிதமே என்பதை நாம் மறத்தலாகாது. அடுத்த ஆண்டில், 1903 இல், நியூயோர்க் பங்குச் சந்தையின் வாணிக மண்டபத்தை அல்பிரட் வுல்வ் என்னும் பொறியியலாளர் குளிர்த்தினார். அலுவலகங்களுக்கென்று கட்டப்பட்ட உயர் மாளிகையொன்று முற்றாக வளிச்சீராக்கம் பெற்றதோ 1928 இலேயே. ரெக்சஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் 21 மாடிகளோடு எழுந்த மைலம் மாளிகை அது. எம்பயர் ஸ்ரேற் திறக்கப்பட்டபோது அதற்கு வயது மூன்று.

அக்காலத்துக் குளிரூட்டும் பொறிகளுக்கு விலையை விடப் பெரியதொரு குறையும் இருந்தது. அவற்றுட் பலவற்றில் ஓடிய அமோனியாவும் கந்தகவீரொட்சைட்டும் கசிந்தால் மூச்சை அடைப்பன. ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும் மாளிகையில் அவற்றை ஓடவிடுவதற்கு அஞ்சியவர்களை நாம் குறைகூற இயலாது. இவ்வச்சத்தைப் போக்கியவர் தோமஸ் மிட்ஜ்லி. அவரும் அவருடைய துணைவர்களும் கண்ட குளோரோபுளோரோகாபன் என்னும் சேர்வை எரிவதுமன்று, நஞ்சுமன்று. 1930 இல் இரசாயனவியலாளர் கூட்டமொன்றில் அவர் அவ்வாயுவைத் தம் நெஞ்சு நிறைய இழுத்து மெழுகுதிரியின் மேல் ஊதி அச்சுடரை அணைத்துக் காட்டினார். அவையோர் இரு குணங்களையும் ஒரே மூச்சிற் கண்டனர். வாயு வானத்தில் உயரச் சென்று செய்யப்போகும் தீங்கை அன்று அவரோ பிறரோ அறியார்.

இனி, இப்பொறிகளின் வலிமையை அளக்கும் அலகைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கப் பொறியியலாளர் இன்றும் ‘தொன்’ என்னும் அலகையே இதற்குக் கையாள்வர். 2,000 இறாத்தல் பனிக்கட்டி இருபத்துநான்கு மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவே ஒரு தொன் குளிரூட்டல். பொறிகளுக்கு முன் பனிக்கட்டியே குளிர்ச்சிப் பொருளாக விலைபோன காலத்தின் எச்சம் இது. மாசச்சூசெற்சு மாநிலத்துக் குளங்களில் மாரியில் உறைந்த பனியை அறுத்து மரத்தூளிற் பொதிந்து பொஸ்தன் நகரிலிருந்து கப்பலேற்றி விற்றவர் பிறெடெரிக் தியூடர். 1833 இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவை அடைந்தது. 1842 இல் சென்னைக் கடற்கரையில் அவருடைய வாணிகத்துக்கென ஒரு பனிக்கட்டிக் களஞ்சியம் எழுந்தது. வாணிகம் நொடித்த பின் அக்களஞ்சியம் இல்லமாக மாற்றப்பட்டது. 1897 சனவரியில் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றிச் சென்ற சுவாமி விவேகானந்தர் அடுத்த மாதம் சென்னையில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தது அவ்வில்லத்திலேயே. விவேகானந்தர் இல்லம் எனப் பெயர்பெற்று விளங்கும் அக்கட்டிடத்தின் வட்டச் சுவர்களைப் பார்ப்போர் அது பனிக்கட்டிக்காக எழுப்பப்பட்டது என்பதை எளிதில் நினையார். நிற்க.

இரண்டாம் உலகப்போரின் பின் அலுவலக மாளிகையின் வடிவமே மாறியது. 1938 அளவிற் சந்தைக்கு வந்த புளோரொளிர் விளக்கு, குறைந்த வெப்பத்தோடு மிகுந்த ஒளியைத் தந்தது. வளிச்சீராக்கம் காற்றைக் குழாய்வழி கொண்டுவந்தது. இவ்விரண்டும் சேர, 28 அடி என்னும் எல்லைக்குப் பொருளில்லாது போயிற்று. யன்னலுக்கு எட்டாத தொலைவிலும் ஆட்களை இருத்தலாம். யன்னலைத் திறக்கவேண்டிய தேவையுமில்லை. 1950 இல் எழுந்த ஐக்கிய நாடுகள் செயலக மாளிகையும் 1952 இல் எழுந்த லீவர் ஹவுசும் கண்ணாடியையே சுவராகக் கொண்டன. செயலகத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெயில் மறைப்புகள் வேண்டுமென்று பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் லெ கொர்பூசியே வற்புறுத்தினார். அவர் சொல் ஏறவில்லை. மறைப்பினாற் செய்யவேண்டியதைப் பொறி செய்யும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை.

புதிய மாளிகைகள் குளிர்ந்திருக்கப் பழைய மாளிகைகளின் உரிமையாளர் வாளாவிருத்தல் இயலுமா? வாடகைக்காரர் பெயர்ந்து போவர். எனவே பழைய மாளிகைகளும் ஒவ்வொன்றாகப் பொறிகளைப் பூட்டிக்கொண்டன. எம்பயர் ஸ்ரேற் மாளிகையும் காலப்போக்கில் அவ்வாறே செய்தது. நிலத்தடியில் நீரைக் குளிர்த்தும் பெரும் பொறிகளும், மாடிதோறும் அந்நீரின் குளிர்ச்சியைக் காற்றுக்கு ஏற்றும் சிறு பொறிகளும் வந்தன. குளிர்ந்த நீர் மேலேறி வெம்மையை வாங்கி இறங்க, அவ்வெம்மையைப் பொறி மற்றொரு நீரோட்டத்துக்கு மாற்றி வெளியே தள்ளும். இதுவே அதன் தொழிற்பாடு. வெம்மை எங்கிருந்து வருகின்றது என்பதைப் பொறி கேட்பதில்லை. யன்னலால் நுழைந்த வெயில், விளக்கின் சூடு, கணினியின் சூடு, அமைதியாய் இருக்கும் ஒவ்வொரு மனிதனும் விடுகின்ற ஏறக்குறைய 100 உவாற்று வெப்பம் ஆகிய அனைத்தும் அதற்கு ஒன்றே. பொறி கேளாத கேள்வியை மனிதரும் கேளாது விட்டனர். வெம்மை கூடினாற் பெரிய பொறி வாங்குவது என்பதே வழக்காயிற்று.

இவ்வழக்கை முதலில் அசைத்தது வானத்து நிகழ்ச்சியொன்று. குளோரோபுளோரோகாபன்கள் மேல்வளியிற் சிதைந்து குளோரீனை விடுத்து ஓசோன் படையை அரிக்கும் என்று மரியோ மொலினா, ஷேர்வுட் றோலண்ட் ஆகிய இருவரும் 1974 இல் எழுதினர். 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1996 தொடங்கி வளர்ந்த நாடுகளில் அச்சேர்வைகளின் உற்பத்தி, சில விலக்குகள் தவிர, நின்றது. பழைய நீர்குளிர்த்தும் பொறிகளை வைத்திருந்த மாளிகைக்காரர் பலர் அவற்றை மாற்றவோ திருத்தவோ வேண்டியவராயினர். அப்பொழுதும் பெரும்பாலோர் கேட்டது, எந்தப் பொறியை வாங்குவது என்பதையே.

எம்பயர் ஸ்ரேற் மாளிகையில் நிகழ்ந்தது இதனின்றும் வேறானது. 2008 ஆம் ஆண்டளவில் அதன் உரிமையாளர் மாளிகை முழுவதையும் புதுக்கும் பெருவேலையில் ஈடுபட்டிருந்தனர். வலுவோடு தொடர்புடைய வேலைகளுக்கு மட்டும் ஏறக்குறைய 93 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டிருந்தது. அதனுள் நீர்குளிர்த்தும் பொறிகளுக்கென்று இருந்த தொகை 22.4 மில்லியன். இந்நிலையிற் பொறியியலாளரும் ஆலோசகரும் கொண்ட குழுவொன்று மாளிகையை ஆராயப் புகுந்தது. அமொறி லவின்ஸ் என்பார் நிறுவிய றொக்கி மவுண்டன் ஆய்வகமும் அதில் ஓர் அங்கமாயிருந்தது. அக்குழு பொறியறைக்குச் செல்லுமுன் வெம்மையைக் கணக்கிட்டது. எத்தனை தொன் குளிர்ச்சி வேண்டும் என்பதற்கு முன்னர், எத்தனை தொன் வெம்மை வராமலே தடுக்கலாம் என்று அது கேட்டது. கேள்வியின் வரிசை மாறியதே இங்கு நடந்த மாற்றம். கருவிகளிற் பெரும்பாலானவை முன்னரே இருந்தவை.

மாளிகையில் 6,514 யன்னல்கள். ஒவ்வொன்றிலும் இரு கண்ணாடிகள் முன்னரே இருந்தன. அவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதற்குப் பதிலாக, மாளிகையின் ஐந்தாம் மாடியிலேயே ஒரு தொழிற்கூடம் அமைக்கப்பட்டது. யன்னல்களைக் கழற்றி அங்குக் கொண்டுவந்து, கண்ணாடிகளைப் பிரித்துக் கழுவி, அவற்றின் இடையே வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மென்படலமொன்றை இழுத்துக் கட்டி, ஆகன், கிரிப்தன் என்னும் வாயுக்களை நிரப்பி மீண்டும் பொருத்தினர். பழைய கண்ணாடியிலும் சட்டங்களிலும் நூற்றுக்கு 96 பங்கிற்கு மேல் மீளப் பயன்பட்டது. புதிய யன்னல்கள் 102 மாடிகளுக்கும் ஏறவும் பழையன இறங்கவும் வேண்டியிராமையே ஒரு பெரும் மிச்சம் என்க. இவ்வேலை 2010 இல் நிறைவெய்தியது.

யன்னலோடு அவர்கள் நிற்கவில்லை. விளக்குகள் குறைக்கப்பட்டன, பகலொளி போதியவிடத்துத் தாமே மங்கும்படி அமைக்கப்பட்டன. லாம் வகுத்த 28 அடி இங்கே மறுபடியும் பயன்தந்தது. பகலொளி எட்டாத இடம் அம்மாளிகையிற் குறைவு. மாடிக்கு நான்காகக் கூரையில் தொங்கிய காற்றுப் பொறிகளுக்குப் பதிலாக, தேவைக்கேற்ப வேகம் மாறும் இரண்டு பொறிகள் தரையில் வைக்கத் திட்டமிடப்பட்டன. அறையில் உள்ள காபனீரொட்சைட்டின் அளவை அறிந்து, ஆட்கள் உள்ளபோது மட்டும் வெளிக்காற்றை மிகுதியாக உள்ளே விடும் ஏற்பாடும் வந்தது. ஆளற்ற அறைக்காகக் கோடைக்காற்றை இழுத்துக் குளிர்த்துவது வீண் செலவன்றோ?

இவையெல்லாம் சேர, உச்சவேளையில் வேண்டிய குளிர்ச்சி மூன்றில் ஒரு பங்கு, அஃதாவது 1,600 தொன், குறையும் என்று கணக்கிட்டனர். அதன் பின்னரே பொறியறையிற் புகுந்தனர். அங்கே பெரிய பொறிகளை வாங்கவேண்டிய அவசியம் இல்லாமற் போயிருந்தது. மின்னில் இயங்கும் நான்கு பழைய பொறிகளையும் இருந்த இடத்திலேயே வைத்து, அவற்றின் இயக்குறுப்புகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் புதுக்கினாற் போதும் என்றாயிற்று. அதற்கான செலவு 5.1 மில்லியன் டொலர். 22.4 மில்லியனிற் கழிக்க எஞ்சுவது 17.3 மில்லியன்.

இவ்வரலாற்றிற் பெரிதுங் கருதவேண்டிய இடம் இதுவே. யன்னல் வேலைக்கு ஏறக்குறைய 4.5 மில்லியன் டொலர் மதிப்பிடப்பட்டது. அதனால் ஆண்டுதோறும் மிஞ்சும் வலுவின் பெறுமதி 410,000 டொலர். இதனை மட்டும் தனியே எடுத்து ஒரு கணக்காளர்முன் வைத்தால், முதல் மீளப் பத்தாண்டுக்கு மேல் ஆகும் என்று சொல்லி அவர் அதனை அடித்துவிடுவார். அவர் கணக்கிற் பிழையில்லை. ஆனால், யன்னலின் பயன் யன்னலின் கணக்கில் மட்டும் எழுதப்படுவதன்று. வாங்காத பொறியின் கணக்கிலும் அதற்குப் பங்குண்டு. ஏடுகளைத் தனித்தனியே பார்த்தவர்க்கு நட்டமாகத் தோன்றியது, சேர்த்துப் பார்த்தவர்க்கு ஆதாயமாயிற்று. வேலைகள் அனைத்தையும் சேர்த்து நோக்கின், முன்பு ஒதுக்கிய தொகைக்கு மேல் வேண்டியிருந்தது 13.2 மில்லியன் டொலரே. ஆண்டுதோறும் மிஞ்சுமெனக் கண்ட தொகை 4.4 மில்லியன், குறையுமெனக் கண்ட வலு நூற்றுக்கு 38.

வரிசை பிறழ்ந்திருப்பின் நிலை யாதாயிருக்கும் என்றும் எண்ணிப் பார்த்தல் தகும். இத்தகைய பெரும்பொறி கால் நூற்றாண்டுக்கு மேலும் உழைப்பது. அதனை முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் யன்னலைத் திருத்தினால், வேண்டாத பருமனுள்ள பொறியொன்று அத்தனை காலமும் நிலத்தடியில் இருக்கும். யன்னலைத் திருத்தியதன் பெரும்பயன் கைநழுவிவிடும். திருத்துவோர் அதே பொறியியலாளராகவும் யன்னல் அதே யன்னலாகவும் இருப்பினும், முந்தியது பிந்தியதனால் மட்டுமே இந்நட்டம் நேரும்.

இத்திட்டம் 2009 ஏப்பிரலில் முன்னாட் சனாதிபதி பில் கிளின்ரன், நகர முதல்வர் மைக்கல் புளூம்பேர்க் முதலியோர் முன்னிலையிற் பெரும் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்டது. ஆரவாரத்தோடு அறிவிக்கப்படுவனவற்றை வரலாறு படிப்போர் ஐயுற்று நோக்குதல் முறை. மேலே தந்த எண்கள் வேலைக்கு முன் இட்ட மதிப்பீடுகள் என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். எனினும், சேமிப்பில் ஒரு பகுதிக்கு ஒப்பந்தகாரர் உத்தரவாதம் அளித்திருந்தனர். முதலாண்டில் அவ்வுத்தரவாதத்தை நூற்றுக்கு 5 பங்கு விஞ்சி 2.4 மில்லியன் டொலர் மிஞ்சியதாக 2012 இல் அறிவித்தனர். இதனைச் சொன்னவரும் உரிமையாளரும் வேலை செய்தவருமே ஆயினும், வெறும் வாக்குறுதியிலும் அது மேலானதே. உரிமையாளரை இதில் இறங்கச் செய்தது உலகநலம் பற்றிய உருக்கம் மட்டுமன்று, வாடகையும் இலாபமுமாம். அதனாலேயே பிற மாளிகைக்காரர் இதனைக் கூர்ந்து நோக்கினர் என்று யான் கருதுகின்றேன்.

எல்லா மாளிகைக்கும் இவ்வழி ஒருங்கே பொருந்துமெனல் ஆகாது. எம்பயர் ஸ்ரேற் கற்சுவரும் அளவான யன்னலும் உடையது. ஆழம் குறைந்த அறைகளை உடையது. வெம்மையை மறந்து கட்டியோர் காலத்துக்கு முந்தியதாதலின், அதனைத் திருத்துவோர்க்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடி இருந்தது. சுவர் முழுதுங் கண்ணாடியான மாளிகைகளுக்கு அப்பிடி இல்லை. ஐக்கிய நாடுகள் செயலகத்துக்கு அதன் கண்ணாடிச் சுவரையே கழற்றி வேறு சுவர் இடவேண்டியதாயிற்று. அதற்கு முன்னரே, 2008 ஓகஸ்டில், செயலாளர் நாயகம் பான் கீ மூன் அம்மாளிகையின் வெப்பநிலையை ஏறக்குறைய 22 பாகை சதமத்திலிருந்து 25 பாகைக்கு உயர்த்துவித்தார். மேலங்கியையும் கழுத்துப்பட்டியையும் களைந்து வருமாறு உத்தியோகத்தரை வேண்டினார். யப்பான் அரசு 2005 இலேயே அலுவலகங்களுக்கு 28 பாகையை வகுத்து உடையைத் தளர்த்தியிருந்தது. குளிர்நாட்டார் உடையைப் பூண்டு, அவ்வுடைக்காக அறையைக் குளிர்த்தும் வழக்கம் நம் நாட்டுக் காரியாலயங்களிலும் காணப்படுவதொன்றே. அதனை விரிப்பின் கட்டுரை வேறு திசையிற் செல்லும்.

எம்பயர் ஸ்ரேற் திட்டத்தில் எஞ்சியிருந்த சிக்கல் வாடகைக்காரரைப் பற்றியது. எதிர்பார்த்த சேமிப்பிற் பெரும்பங்கு அவர்தம் அறைகளுக்குள் நிகழவேண்டியது. விளக்குகளும் கணினிகளும் அவர்களுடையவை. அவற்றை அணைப்பதும் அணையாமல் விடுவதும் அவர் கையில். ஒப்பந்தக் காலம் முடிந்து புதியவர் வரும்போதே அறைகளை முற்றாகத் திருத்த இயலும். ஆகவே அவ்வேலை ஆண்டுகள் பலவாக நீண்டது. இதற்கிடையில், ஒவ்வொரு வாடகைக்காரரும் தாம் செலவிடும் மின்னின் அளவைக் கணினித் திரையிற் காணவும், அதனை மாளிகையிலுள்ள பிறரது அளவோடு ஒப்பிடவும் ஓர் ஏற்பாடு திட்டத்திற் சேர்க்கப்பட்டது. அதற்கென இட்ட மதிப்பீடு 365,000 டொலர். அதனால் ஆண்டுதோறும் மிஞ்சுமெனக் கண்டது 387,000 டொலர். இவ்வேற்பாடு எந்தப் பொறியையும் மாற்றவில்லை. 1931 இல் எழுதுவினைஞர் யன்னலைத் திறந்தும் மூடியும் தாமே நடத்திய கருமத்தில் ஒரு சிறு பங்கு, அதனால் மீண்டும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது.